பழைய பெட்ரோல் பங்க் இருந்த மனை, இந்த மண் பரிசோதனை போதுமா?

கரைமேடு:
ஒரு மனை வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பு அங்கே பெட்ரோல் பங்க் இருந்தது, மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, இப்போது உடைந்த சிமெண்ட் தளமும் புதரும்தான். விற்பவர் ஒரு அறிக்கை கொடுத்தார். மனையின் நான்கு மூலையிலும் ஒரு மீட்டர் ஆழத்தில் மண் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீன் உட்பட எல்லாவற்றுக்கும் 'கண்டறியப்படவில்லை' என்றே வந்திருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. நிலத்தடி டேங்குகளை எப்போதோ எடுத்தாயிற்று என்கிறார், அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. வீடு கட்டப் போகிறேன், தண்ணீருக்கு போர் போட வேண்டும். இதை நம்பலாமா?

துளைமண்:
நம்ப வேண்டாம். அறிக்கை பொய் என்று சொல்லவில்லை, தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை. பங்கில் எண்ணெய் கசிவது மூலையில் இல்லை: டேங்குக்கு அடியில், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் இணைப்புகளில், பம்புக்கு நேர் கீழே, லாரியிலிருந்து நிரப்பும் வாயைச் சுற்றி. டேங்கின் முதுகே பொதுவாக ஒரு மீட்டர் அளவுக்குக் கீழேதான் இருக்கும். அப்படியிருக்க ஒரு மீட்டர் மண் அதன் வயிற்றுக்கு அடியில் நடந்ததை எப்படிச் சொல்லும்?

கசிந்த பெட்ரோல் கீழே இறங்கும், களிமண் குறுக்கிட்டால் பக்கவாட்டில் ஓடும், நீர்மட்டத்தைத் தொட்டதும் தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதந்து பரவும். மழைக்கு நீர்மட்டம் ஏறி, வறட்சியில் இறங்கும்போதெல்லாம் எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி அந்த உயரம் முழுக்க மண்ணில் அப்பிக்கொள்ளும். மேலே சுத்தமான மண், வாடையே இல்லை, நான்கைந்து மீட்டருக்குக் கீழே ஒரு கறுத்த பட்டை. இப்படிப்பட்ட இடங்கள் சர்வசாதாரணம்.

முதலில் காகிதம் தேடுங்கள். பழைய வரைபடம், உரிமக் கோப்பு, பழைய வான்வழிப் படங்கள், ஸ்டாக் கணக்கு. அங்கே வேலை பார்த்த யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது, டேங்கை எப்போது மாற்றினார்கள், பக்கத்தில் சர்வீஸ் ஷெட் இருந்ததா, கழிவு ஆயில் எங்கே போனது என்று கேளுங்கள். புது டேங்க் வைக்கும்போது பழையதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்ட கதையும் உண்டு, அதனால் 'எடுத்தாயிற்று' என்ற வாய்ச்சொல்லை ரேடார் அல்லது காந்தமானி வைத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் எங்கே துளை போடுவது என்றே பேச முடியும்.

சோதனைக்குப்பி:
நான் லேப் பக்கம். அந்த மண்ணை எதில் போட்டு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கவரில் அள்ளிப் போட்டிருந்தால் பென்சீன் வழியிலேயே ஆவியாகிவிடும், அப்புறம் 'கண்டறியப்படவில்லை' வருவதில் ஆச்சரியமே இல்லை. துளையிலிருந்து வந்த உடனே ஐந்து கிராம் போல எடுத்து, மெத்தனால் உள்ள குப்பியில் போட்டு மூடி, 4 டிகிரி குளிரில் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, கண்டறியும் வரம்பு, அதாவது அந்த லேபால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, எவ்வளவு? குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 5. நாளைக்குத் தண்ணீரைச் சோதித்து, லேபின் வரம்பே 50 என்றால் அந்தக் காகிதம் எதற்கு? டீசல் விற்றிருந்தால் நாப்தலீனையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பங்க் என்றால் ஈயம் மட்டும் போதாது, அதோடு சேர்த்த எத்திலீன் டைபுரோமைடையும் கேட்க வேண்டும். குடிநீரில் அதற்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்தான், கேட்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கரைமேடு:
தண்ணீரை யாருமே சோதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அது போதாதா?

துளைமண்:
பக்கத்து வீடு நீரோட்டத்துக்கு மேல்பக்கம் இருந்தால் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டம் எந்தத் திசை என்று தெரிய குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறு வேண்டும், ஒரே கோட்டில் இல்லாமல். நீர்மட்டம் வடிகுழாய்ப் பகுதியின், அதாவது தண்ணீர் உள்ளே வர ஓட்டைகள் உள்ள குழாயின், நடுவில் வரும்படி அமைக்க வேண்டும், முழுக்க மூழ்கிவிட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது. ஒரே தடவை அளந்து முடிக்காதீர்கள், நீர்மட்டம் ஏறியபோதும் இறங்கியபோதும் பாருங்கள். பெட்ரோலில் சேர்க்கும் எம்டிபிஇ என்ற வேதிப்பொருளையும் சோதியுங்கள், அது தண்ணீரில் நன்றாகக் கரைந்து வெகுதூரம் போகும். 1996இல் அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் குடிநீர்க் கிணறுகளை மூடியது அதனால்தான்.

உங்கள் போரை மட்டும் இப்போது போட்டுவிடாதீர்கள். அழுக்குப் பட்டையைத் துளைத்துக்கொண்டு போனால் மேலே நின்றுகொண்டிருப்பதை ஆழத்து நல்ல தண்ணீருக்கு நீங்களே வழிகாட்டிவிடுவீர்கள்.

வெயில்நிழல்:
எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். பங்க் மூடிப் பல வருடம் ஆயிற்று, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றிருக்கும்.

சோதனைக்குப்பி:
தின்னும், உண்மைதான். தண்ணீரில் கரைந்து போகும் பகுதி பெரும்பாலும் ஒரு தூரத்தோடு நின்றுவிடும், சுருங்கவும் செய்யும். ஆனால் களிமண்ணில் எண்ணெயாகவே தங்கியது அவ்வளவு சீக்கிரம் தீராது, வீட்டுத் தளத்துக்கு நேர் கீழே அது இருந்தால் ஆவி உள்ளே வரும். அதனால் மண்காற்றையும் சோதிக்கச் சொல்வேன். தின்றதா இல்லையா என்பதற்கும் அளவுதானே சாட்சி?

கரைமேடு:
சரி. விற்பவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.

துளைமண்:
முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள், கொடுத்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. ஆய்வாளர் உங்கள் ஆளாக இருக்கட்டும். டேங்க் குழியிலும் பம்ப் மேடையிலும் துளை போட அனுமதி, அழுக்கு வந்தால் சுத்தப்படுத்தும் செலவு யாருடையது, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். டேங்க் உள்ளேயே இருந்தால் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு வெட்ட விடாதீர்கள், காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கும். குழியில் துளை போட மாட்டேன், மூலையில் வேண்டுமானால் இன்னொன்று போட்டுக்கொள் என்று அவர் சொன்னால் வேறு மனை பாருங்கள்.