தொடையிடுக்கு அறுவைக்குப் பின்: நிணநீர் ஒழுக்கும் நிணநீர்க்கோவையும்

அன்புடையீர், வணக்கம்.

தொடையிடுக்கில் இரத்தக்குழாய் அறுவை செய்தபின் நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து, தனி நாளங்கள் வழியே இரத்தத்துக்குத் திரும்பும் நீர்) வெளியேறும் சிக்கலுக்கு ‘நிணநீர்க் கசிவு’ என்ற தமிழ்ச்சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. பொதுப்பெயராக அது பொருந்தும். ஆனால் மருத்துவத்தில் வேறுவேறாக அணுக வேண்டிய இரண்டு நிலைகளை அது ஒன்றாக்கிவிடும் என்பதே என் கவலை.

காலுக்கு இரத்தம் போதாமல், அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்லச் சில வேளை செயற்கைக் குழாய் வைத்து மாற்றுவழி அமைக்கும் ‘பைபாஸ்’ செய்யும்போது தொடைத் தமனியை அடைய வேண்டிய வழியில்தான் நிணநீர்க்கணுக்களும் காலிலிருந்து மேலேறும் மெல்லிய நிணநீர் நாளங்களும் செறிந்திருக்கின்றன. நிணநீரில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அநேகமாக இல்லை, உறையவைக்கும் புரதங்களும் குறைவு என்பதால், வெட்டுப்பட்ட நாளம் இரத்தக்குழாயைப் போல விரைவில் அடைபடுவதில்லை. தமனிக்குச் சற்று வெளிப்பக்கமாகக் கீறுவதும், குறுக்கிடும் திசுவை நூலால் கட்டிய பின்பே வெட்டுவதும் இதற்காகத்தான்.

அந்த நீர் தையல்வழியே வெளிவருவது ஒரு நிலை. காலையில் மாற்றிய கட்டு மதியத்துக்குள் நனைந்து, வைக்கோல் நிறத்தில், தெளிவாக, நாற்றமின்றி நீர் தொடையில் வழியும். நோயாளியோ சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்சுவார். கசிவு என்றால் லேசாக ஈரம் காண்பதுதான் மனத்தில் தோன்றும். இவ்வளவு நீர் வழிவதற்கு ‘நிணநீர் ஒழுக்கு’ என்பதே தகும்.

தோல் மூடியிருக்க, நீர் உள்ளே சேர்ந்து புடைப்பது மற்றொரு நிலை. இதை ‘நிணநீர்க்கட்டி’ என்றால், அதே இடத்தில் நெறிகட்டுவதோடு குழம்பும். ‘நிணநீர்ப்பை’ என்றால், பித்தப்பை, சிறுநீர்ப்பை போல இயல்பாகவே உள்ள உறுப்பென்று தோன்றும். ‘நிணநீர்த் தேக்கம்’ கால் முழுதும் வீங்கும் நோயையும் குறிக்கக்கூடும். ‘நீர் கோத்திருக்கிறது’ என்று எல்லோரும் சொல்லும் வழக்கிலிருந்து ‘நிணநீர்க்கோவை’ என ஆக்கலாம்.

இந்த வேறுபாடு சிகிச்சைக்கும் தேவை. சிறிய கோவை பெரும்பாலும் தானே வற்றிவிடும். ஒழுக்கு அப்படியன்று, அது கிருமிகளுக்குத் திறந்த வழி, உள்ளே வைத்த செயற்கைக் குழாயில் தொற்று ஏறினால் காலுக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்து. ஆகவே ஓய்வாலும் அழுத்தக்கட்டாலும் ஒழுக்கு நிற்காதபோது, பாதத்தில் நீலச் சாயம் செலுத்தி, அது ஊறும் இடத்தைக் கண்டு நாளத்தைக் கட்டுவதும் உண்டு.

ஒப்புதல் படிவத்தில், “காயத்தின் வழியே நிணநீர் ஒழுக்கு ஏற்படலாம், தோலுக்கு அடியில் நிணநீர்க்கோவை உண்டாகலாம்” என்று எழுதலாம். சித்த மருத்துவத்தில் ‘நீர்க்கோவை’ வேறு நோயைக் குறிக்கிறது. ‘நிண’ என்ற முன்னொட்டு அம்மயக்கத்தை நீக்கப் போதுமா என்பதை அத்துறையினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.