கொவிட் காலத்துக் கேளிக்கைப் பூங்கா: கேட்டில் நின்றவர்கள், வந்து போனவர்கள், மேலே இருந்தவர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வரிசை ஓரம்:

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரைடு பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன், கொவிட் காலம் முழுக்க அங்கேதான் இருந்தேன். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் மருத்துவமனைத் தாதியர் பற்றியும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பற்றியும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் சந்தோஷமாக இருக்கலாம் என்று வருகிற இடத்தில் நின்று திட்டு வாங்கியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

2020 ஏப்ரல் 7 அன்று சர்க்யூட் பிரேக்கர் என்ற முடக்கம் வந்தது, எல்லாம் மூடினார்கள். ஜூலை 1 முதல் 13 சுற்றுலாத் தலங்கள் முதலில் திறக்க அனுமதி கிடைத்தது, அதுவும் கொள்ளளவில் 25 விழுக்காடு ஆட்களோடு. எங்களுக்கு அனுமதி வந்தபோதும் அதே கணக்குதான். கால்வாசிப் பேர்தான் இருப்பார்கள், வரிசையே இருக்காது, ஓடி ஓடி ஏறலாம் என்று நம்பித்தான் எல்லாரும் வந்தார்கள். உள்ளே வந்து பார்த்தால் வரிசை அப்படியே நிற்கிறது. ஏன் என்றால் ரோலர் கோஸ்டரில் ஒரு வரிசை இருக்கை விட்டு அடுத்த வரிசையில்தான் ஆள் ஏற்றுவோம், நாலு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்தால் நாலாவது இருக்கையில் வேறு யாரையும் வைக்க முடியாது, ஒரு சுற்று முடிந்து ரயில் வந்து நின்றதும் மடி மேல் அழுத்திப் பூட்டுகிற கம்பி, கைப்பிடி, தோள் பட்டை எல்லாவற்றையும் மருந்து தெளித்துத் துடைத்து அது காய்ந்த பிறகுதான் அடுத்த ஆளை விடுவோம். ரயிலில் ஏறும் ஆள் பாதிக்கும் குறைவு, மணிக்கு ஓடும் சுற்றும் குறைவு. வெயிலில் முகக்கவசத்தோடு நிற்கிறவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவது காலி இருக்கை மட்டும்தான். "காலியாத்தானே போகுது, எங்கள ஏன் நிக்க வச்சிருக்கீங்க?" ஒரு ஷிஃப்டில் இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

ஒரு சாயங்காலம் ஒருவர் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். எங்கள் குழுவில் ஒரு மலாய்ப் பெண், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த பிள்ளை, ரொம்பத் தன்மையாக இரண்டு தடவை சொன்னாள். காசு கொடுத்து வந்திருக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்காதே என்று கத்த ஆரம்பித்தார். வாக்கி டாக்கியில் மேலாளரைக் கூப்பிட்டோம். அவர் வந்தார், அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார், வரிசையில் நிற்காமல் போகிற பாஸ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தார். அந்தப் பிள்ளை முகத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் சொல்வதை விட்டுவிட்டாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். கத்தினால் பாஸ் கிடைக்கும் என்று அவர்களுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்தாயிற்று.

கொஞ்ச மாதம் கழித்து வேறொருவர் பொறுப்புக்கு வந்தார். தினமும் மதியம், கூட்டம் அதிகமாக இருக்கிற ரைடு எதுவோ அதன் வாசலில், எங்களைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். காலையில் பேசும்போது ஒன்று சொன்னார், இன்னும் காதில் இருக்கிறது: "விதியைச் சொன்னதற்காக உங்கள் பேரில் புகார் வந்தால் அது என் பேரில் வந்த புகார்." அப்புறம் வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வைத்தார். ஒரு சுற்றில் எத்தனை பேர், எத்தனை இருக்கை காலி, ஏன் காலி, துடைக்க எவ்வளவு நேரம். அவ்வளவுதான். அதே ஊர் மக்கள், அதே வெயில், அதே முகக்கவசம், ஆனால் சத்தம் பாதியாகக் குறைந்தது. வருகிறவர்கள் கெட்டவர்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த எங்களில் பலருக்கு அப்போதுதான் புரிந்தது, மேலே இருப்பவர் எப்படி நடக்கிறாரோ அதைப் பார்த்துத்தான் வருகிறவரும் நடக்கிறார். உங்களுக்கு எப்படி இருந்தது?

பாசிர் ரிஸ் அம்மா:

நான் உள்ளே வந்தவள் பக்கம். 2020 டிசம்பரில் அரசாங்கம் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் எல்லாருக்கும் 100 வெள்ளி சுற்றுலாப் பற்றுச்சீட்டு கொடுத்ததே, நாங்களும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கொழுந்தனார் குடும்பமும் எல்லார் சீட்டையும் சேர்த்து ஒன்றாகப் போகலாம் என்று கிளம்பினோம். ஒன்பது பேர். மூன்றாம் கட்டத் தளர்வில் எட்டுப் பேர் வரை சேர்ந்து வரலாம், ஒன்பது கூடாது. கேட்டில் ஒரு தமிழ்த் தம்பி நின்றான். ஐந்து பேர், நாலு பேர் என்று பிரிந்து போங்க, உள்ளேயும் கலக்கக் கூடாது, சாப்பிடும்போதும் தனித்தனியாத்தான் என்றான். என் மாமியார் விடவில்லை. "ஒரே வீட்டுப் பிள்ளைங்கள எப்படிப்பா பிரிப்ப?" என்று கேட்டார். அந்தத் தம்பி பாவம், "பாட்டி, என் பாட்டியா இருந்தாலும் இதத்தான் பாட்டி சொல்லணும்" என்றான். மாமியார் ஒன்றும் பேசவில்லை, ஆனால் மத்தியானம் வரை யாரிடமும் முகம் கொடுக்கவில்லை.

எனக்கு அந்தத் தம்பி மேல் கோபமே இல்லை. கோபம் வேறு இடத்தில். இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது ஒரே பதிவில் ஒன்பது டிக்கெட் கொடுத்தார்கள்! பணத்தை எடுத்துக்கொண்டு ரசீதும் அனுப்பினார்கள். எட்டுக்கு மேல் போட முடியாதபடி அந்தப் பக்கத்தை மாற்ற ஒருவர் உத்தரவு போட்டிருந்தால் போதும், அந்தத் தம்பி ஒரு பாட்டியோடு வாசலில் வாதாட வேண்டி வந்திருக்காது. வரிசை ஓரம் அண்ணன் சொல்கிற மாதிரி வாசலில் வந்து நிற்பது நல்லதுதான், ஆனால் மேலே இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியதைச் செய்திருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

கணக்குப்பிள்ளை:

அம்மா சொன்னது சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன், சம்பளத்தைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

டிஸ்னியை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் சேபெக் தலைமை நிர்வாகி ஆனது 2020 பிப்ரவரி 25. சில வாரத்தில் அமெரிக்கப் பூங்காக்கள் மூடின. மார்ச் கடைசியில் அவர் தன் அடிப்படைச் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார், அவருக்கு முன் இருந்த பாப் ஐகர் முழுவதையும் விட்டுக்கொடுத்தார், பெரிய அதிகாரிகளுக்கும் வெட்டு விழுந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆகஸ்டில் அதிகாரிகளின் வெட்டு நீங்கிப் பழைய சம்பளம் திரும்ப வந்தது. செப்டம்பர் 29 அன்று 28,000 பேருக்கு வேலை போகிறது என்று அறிவிப்பு. கலிபோர்னியா பூங்கா அப்போது திறக்கவே இல்லை, 2021 ஏப்ரல் 30 வரை மூடித்தான் இருந்தது, அதில் மாநில அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள், முதலில் மேலே இருப்பவர் சம்பளம் திரும்புகிறது, அடுத்த மாதம் கீழே இருப்பவர் வேலை போகிறது.

இங்கே வேலை ஆதரவுத் திட்டத்தில் சுற்றுலாத் துறைக்கு முதல் 4,600 வெள்ளிச் சம்பளத்தில் 75 விழுக்காட்டை ஆரம்பத்தில் அரசாங்கம் கொடுத்தது. அது இருந்தும் என் தோழி ஒருத்திக்கு வேலை போனது. எந்த இடம் என்று நானும் சொல்லப் போவதில்லை. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் போன பிறகு, மிச்சம் இருந்தவர்கள்தான் அண்ணே நீங்கள் சொல்கிற கம்பியையெல்லாம் துடைத்தார்கள். ஆள் குறைந்தால் துடைக்க நேரம் கூடும், நேரம் கூடினால் வரிசை நீளும், வரிசை நீண்டால் கத்துவார்கள். வருகிறவர் குணம் என்று நாம் சொல்வதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

வரிசை ஓரம்:

கணக்குப்பிள்ளை, உண்மை. நான் சொன்ன அந்த நல்ல மேலாளர்கூட ஆள் எடுக்க அனுமதி கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார். அவருக்கு மேலேயும் ஆள் உண்டு.

தெம்பனிஸ் திரும்பியவன்:

நான் அந்தச் சமயம் வேலை விஷயமாகத் தோக்கியோவில் இருந்தேன். ஜப்பானில் கேளிக்கைப் பூங்காச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டி போட்டன, ரோலர் கோஸ்டரில் கத்தக் கூடாது என்று அதில் இருந்தது. கத்தினால் எச்சில் தெறிக்கும், காரணம் அதுதான். எல்லாரும் சிரித்தார்கள், கத்தாமல் எப்படி ஏறுவது என்று. அப்போது ஃபுஜி மலைப் பக்கம் இருக்கிற ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பூங்காவின் தலைவர்கள் இரண்டு பேர் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர்களுடைய 'ஃபுஜியாமா' கோஸ்டரில் முன்னால் உட்கார்ந்து, வாயே திறக்காமல் முழுச் சுற்றும் போய் அதைக் காணொளியாகப் போட்டார்கள். கடைசியில் ஒரு வரி, மனசுக்குள்ளே கத்திக்கொள்ளுங்கள் என்று. உலகம் முழுக்கப் பரவிய காணொளி, பலர் பார்த்திருப்பீர்கள்.

அதைப் பார்த்துவிட்டு அந்த வருடம் நானும் நண்பர்களோடு ஒரு பூங்காவுக்குப் போனேன். கோஸ்டர் உச்சிக்குப் போய்க் கீழே விழும்போது சக்கரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் மூக்கால் சிரித்துக்கொண்டே வந்தான், அவன் அம்மா அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தது இறங்கும்போதுதான் தெரிந்தது. ஜப்பான்காரர்கள் அப்படித்தான், சொன்னால் கேட்பார்கள் என்று இங்கே நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அது முழுசாகச் சரி என்று படவில்லை. சொன்னவர் முதலில் தானே ஏறிக் காட்டினார், அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பாப்கார்ன் ரசிகை:

அமெரிக்காவில் வேறு கதை. ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலை 11 திறந்தது. சாப்பிடும்போது முகக்கவசம் வேண்டாம் என்று விதி, உடனே ஆட்கள் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க உறிஞ்சியபடி நடந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் விதியை மாற்றி, ஓரிடத்தில் நின்று, தள்ளி நின்றுதான் சாப்பிட வேண்டும் என்றார்கள். ரைடில் முகக்கவசத்தைக் கழற்றினால், ரைடு ஓடும்போது எடுக்கிற படத்தையும் தர மாட்டோம் என்றார்கள். கேட்டில் நிற்பவரைச் சண்டைக்கு அனுப்பாமல் விதியையே திருத்தினார்களே, அது எனக்குப் பிடித்தது. இங்கேயும் தண்ணீர் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், முகக்கவசம் இல்லாமல் முதல் தடவை பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம் என்று தெரிந்தே.

செக்யூரிட்டி அங்கிள்:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். நான் ஒரு சுற்றுலாத் தலத்தின் வாசலில் பாதுகாவலர். 2021 அக்டோபர் 13 முதல் தடுப்பூசி போடாதவரை உள்ளே விடக் கூடாது என்று விதி வந்தது, கடைத்தொகுதிக்கும் எங்களைப் போன்ற இடங்களுக்கும்; உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் விடக் கூடாது. தடுப்பூசி விவரம் காட்டும் ட்ரேஸ்டுகெதர் செயலியைத் திறந்து காட்ட வேண்டும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு விலக்கு.

ஒரு குடும்பம் வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள், பெரிய பெண்ணுக்கு அன்று பிறந்தநாள், தலையில் ஜிகினா கிரீடம். அம்மா செயலியில் பச்சை, அப்பா செயலியில் இல்லை. டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் என்கிறார், கடிதம் கேட்டால் இல்லை. அவர் கத்தவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பணி மேலாளர் ஒரு சீனப் பெண்மணி, கூப்பிட்டதும் நடந்தே வந்தார். முதலில் அவர்களை வரிசையை விட்டுத் தள்ளிக் கூட்டிப் போனார், பின்னால் நிற்கிறவர்கள் காதில் விழ வேண்டாம் என்று. விதியை வளைக்கவில்லை. நாலு டிக்கெட் பணத்தையும் அங்கேயே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார், அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் போகிறீர்களா என்றும் கேட்டார். அந்தப் பெண் குழந்தை அப்பா இல்லாமல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. போகும்போது அந்த மனிதர் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னார். உள்ளே விடாத எனக்கு!

இன்னொரு நாள் ஒருவர், உங்கள் பெரிய பாஸை எனக்குத் தெரியும், ஃபோன் போடவா என்றார். போடுங்க சார் என்றேன். போட்டார், ஸ்பீக்கரில். அந்தப் பக்கம், "என் ஆள் முடியாது என்றால் முடியாது, நான் வந்தாலும் அதே பதில்தான்" என்று சொன்னது எனக்கும் கேட்டது, வரிசைக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் வரை யாரும் என்னிடம் குரல் உயர்த்தவில்லை.

பாசிர் ரிஸ் அம்மா:

அங்கிள், அந்தக் கிரீடம் போட்ட பிள்ளையை நினைத்தால் மனசு என்னமோ செய்கிறது. வரிசை ஓரம் அண்ணே, அந்த மலாய்ப் பிள்ளை என்ன ஆனாள்?

வரிசை ஓரம்:

புது மேலாளர் வந்த பிறகு அவளைக் கூப்பிட்டு, அன்று நடந்ததற்கு நிர்வாகம் சார்பில் வருத்தம் தெரிவித்தார், எங்கள் எல்லார் முன்னாலும். இந்த அளவுக்கு ஒருவர் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறாள், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மண்டாய் விலங்குத் தோட்டப் பக்கமோ தண்ணீர்ப் பூங்காக்களிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், விலங்குகளுக்குத் தீனி கொடுத்தவர்கள் மூடியிருந்த காலத்திலும் தினம் வேலைக்குப் போனவர்கள், அவர்கள் கதை வேறாக இருக்கும்.