பெரியப்பாவுக்கு ஒரு வீட்டுக் கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

ஒழுங்கைக்காரி:

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் தனியாக வசிக்கும் என் பெரியப்பாவுக்குக் கணினி ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு 76 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு கண்ணில் புரை அகற்றியாயிற்று, மற்றக் கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. காலையில் மின்னிதழ்களை வாசிப்பார், நூலகம் இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுவார், இரவில் ரொறன்ரோவில் இருக்கும் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் காணொளியில் பேசுவார். இவை எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியமானது எழுத்து. கோயில் மலர்களுக்கும் பாடசாலை மலர்களுக்கும் எழுதிய கட்டுரைகள் நானூறுக்கு மேல் அந்தக் கணினியில் கிடக்கின்றன.

இப்போதுள்ள மேசைக் கணினி 2013இல் வாங்கியது. அதில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஐ அந்த இயந்திரம் ஏற்காது. பொத்தானை அழுத்திவிட்டுப் பெரியப்பா தேநீர் போடப் போவார். குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

குடும்பத்தில் ஆளுக்கொரு கருத்து. அண்ணா மடிக்கணினி என்கிறார், அம்மா டப்லெட் போதும் என்கிறார், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நான் விசாரித்த கடையிலோ திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய கணினியை எடுக்கச் சொன்னார்கள். என்னால் இரண்டு இலட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். பெரியப்பாவைக் கேட்டால், "இதுவே போதும் பிள்ளை, மெதுவாகப் போனாலும் போகுதுதானே" என்கிறார். எதைத் தெரிவு செய்வது?

திருகாணி:

தெகிவளையில் கணினி திருத்தும் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடற்கரையோரத் தொடர்மாடி என்று நீங்கள் குறிப்பிட்டதே எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அங்கிருந்து என்னிடம் வரும் கணினிகளைத் திறந்தால், நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும், திருகாணிகள் துருப்பிடித்திருக்கும். உப்புக் காற்றை விசிறி உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதால் வரும் கோளாறு இது. பாதி நேரங்களில் பலகையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் றப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே கணினி உயிர்பெற்றுவிடும். மேசைக் கணினியில் இதற்குப் பத்து நிமிடம் போதும். திரைக்குள் எல்லாம் அடங்கிய வகையில் முதலில் திரையையே கழற்ற வேண்டும். திரை பழுதானால் கணினியும் இல்லை, கணினி பழுதானால் திரையும் இல்லை. மேசையில் அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதை வாங்குவதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஆகவே தனித் திரையும் தனிப் பெட்டியும் கொண்ட மேசைக் கணினிதான் என் தெரிவு. உங்கள் பெரியப்பாவின் வேலைக்கு இன்டெல் ஐ3 அல்லது அதற்கு நிகரான ஏஎம்டி செயலி தாராளம். வேகத்தைத் தீர்மானிக்கப்போவது எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம். சுழலும் வன்தட்டு மட்டும் உள்ள எதையும் இன்று வாங்க வேண்டாம். அவருடைய கோப்புகள் எல்லாம் எழுத்துக் கோப்புகள் என்பதால் 256 ஜிபி போதும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 ஜிபி என்றால் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினிகளைப் புதுப்பித்து விற்கிறார்கள். பலவற்றின் கட்டமைப்பு புதிய மலிவுக் கணினிகளைவிட உறுதியானது. ஆனால் இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஏனெனில் விண்டோஸ் 11 அதற்கு முந்தியவற்றை, ஓரிரண்டு விதிவிலக்குத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. சில இடங்களில் குறுக்கு வழியில் நிறுவி, "ஓடுகிறது பாருங்கள்" என்று காட்டுவார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். விண்டோஸுக்கு உரிய உரிமம் இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை மாதம், சொல்லும் விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பற்றுச்சீட்டு எழுதுவதற்கு முன்பே கேளுங்கள்.

மிஞ்சும் பணத்தில், மின்சாரம் நின்றாலும் கணினியைச் சற்று நேரம் இயக்கும் யூபிஎஸ் ஒன்று அவசியம். 2022இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லைதான், ஆனாலும் 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். சிறிய யூபிஎஸ் பத்து நிமிடமளவு தாக்குப்பிடிக்கும். எழுதியதைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்க அது போதும். அதன் பட்டரியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பழைய தொடர்மாடிகளில் வட்ட முள் பிளக்குக்கான துளைகளே இன்னும் இருக்கின்றன, புதிய சாதனங்களோ சதுர முள்ளுடன் வரும். பேனையால் மேல் துளையை நெம்பிச் செருகும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு மின்னியலாளரைக் கொண்டு அந்தத் துளைப்பெட்டியை மாற்றிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:

மேலே சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை, ஆனால் வாங்கிய பிறகு வீட்டில் நடப்பது வேறு கதை. என் அம்மாவுக்கு நான் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். திரை 14 அங்குலம். ஒரு மாதத்துக்குள் அம்மாவுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. விசைப்பலகை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துபோகும், திரையை உயர்த்தினால் விசைப்பலகை எட்டாது. மடிக்கணினியின் அமைப்பே அப்படிப்பட்டது. கடைசியில் தனித் திரையும் தனி விசைப்பலகையும் வாங்கிப் பொருத்தினேன். மடிக்கணினி இன்று அலுமாரித் தட்டில் மூடிக் கிடந்தபடி வேலை செய்கிறது.

உங்கள் பெரியப்பா கிட்டத்துக்கும் தூரத்துக்குமான இரட்டைக் கண்ணாடி அணிபவரா என்று பாருங்கள். அணிபவரென்றால், வில்லையின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையை வாசிக்கத் தலையை அண்ணாந்து வைத்திருப்பார். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற பொது விதி இவர்களுக்குப் பொருந்தாது. இன்னும் தாழ்த்தி, சற்றுப் பின்சரித்து வைக்க வேண்டும். ஆகவே உயரம் மாற்றக்கூடிய தாங்கியுள்ள திரையாக எடுங்கள். பளபளக்கும் திரை வேண்டாம். மேற்கே கடலைப் பார்த்த யன்னல் என்றால் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் அதில் சூரியன் மட்டுமே தெரியும். அளவைப் பொறுத்தவரை 24 அங்குலம் எடுத்து, விண்டோஸில் 125 அல்லது 150 வீதத்துக்குப் பெருப்பித்துக் கொடுத்தால் எழுத்துத் தெளிவாக இருக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தது மவுஸ். அம்மா இரண்டாம் முறை சொடுக்கும்போது கை ஒரு நூலளவு நகர்ந்துவிடும், கோப்பு திறப்பதற்குப் பதிலாகப் பக்கத்துக் கோப்புறைக்குள் போய் விழுந்துவிடும். பிறகு "காணாமல் போய்விட்டது" என்று எனக்கு அழைப்பு வரும். ஒரே சொடுக்கில் திறக்கும்படி மாற்றும் வசதி விண்டோஸில் உண்டு. அதைச் செய்த நாளோடு அந்த அழைப்புகள் நின்றன. கம்பியுள்ள மவுஸாக வாங்குங்கள், பட்டரி தேடும் வேலை இருக்காது.

இன்னொன்று. விண்டோஸ் 11ஐ முதன்முதலில் இயக்கும்போது மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று கேட்கும். கடைக்காரர் தம்முடைய கணக்கையோ அவசரத்துக்குத் திறந்த ஒன்றையோ போட்டுக் கொடுக்க விடாதீர்கள். புதிய கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது; ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், அந்தச் சாவி கணக்குக்குள் இருக்கும். கணக்கு யாருடையது என்றே தெரியாவிட்டால் கட்டுரைகள் அத்தனையும் போயிற்று. பெரியப்பாவின் பெயரிலேயே கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதி, வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தட்டச்சுமேசை:

நான் அச்சகத்தில் பக்கமாக்கும் வேலை பார்ப்பவள். செயலியையும் திரையையும் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். அந்த நானூறு கட்டுரைகளும் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? உங்கள் பெரியப்பாவின் வயதையும் அவர் எழுதும் மலர்களையும் பார்த்தால் பாமினியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பாமினியில் எழுதியது கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. "தமிழ்" என்று அவர் தட்டச்சிட்ட சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் முதல் நாளே அவர் காண்பது ஆங்கிலக் குப்பைதான், அதைப் பார்த்து "என்னுடைய எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது" என்று அவர் நினைக்கக்கூடும். ஆகவே பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையை முதலில் பிரதி எடுங்கள். டப்லெட் இங்கேதான் அடிபட்டுப் போகிறது, ஏனெனில் அதில் பாமினிக் கோப்புகளோடு வேலை செய்வது பெரும் தொல்லை.

அடுத்தது அவருடைய விரல்கள். இத்தனை ஆண்டு பாமினி முறையில் பழகியவரைத் தமிழ் 99 போன்ற வேறு விசைப்பலகை அமைப்புக்கோ, ஆங்கில ஒலிப்பில் தட்டும் முறைக்கோ மாறச் சொல்வது அநியாயம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பு உண்டு. விரல்கள் பழைய இடத்திலேயே விழும், திரையில் வருவது, தனி எழுத்துரு இல்லாமலே மற்றக் கணினிகளிலும் தமிழாகத் தெரியும் ஒருங்குறித் தமிழாக இருக்கும். அதன்பின் பேரப்பிள்ளைகளுக்கு மின்னஞ்சலும் தமிழிலேயே அனுப்பலாம். பழைய கட்டுரைகளை எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றின் மூலம் ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.

ஒழுங்கைக்காரி:

மூவருக்கும் நன்றி. பாமினிதான், நான் எழுத மறந்ததை நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

சனிக்கிழமை பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். கடைக்காரர் செயலியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, அவர் காட்சிக்கு வைத்திருந்த விசைப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அரைப்புள்ளி விசை இறுக்கமாக இருக்கிறது என்றார். அவருக்குப் புள்ளி வைக்கும் விசை அதுதான் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. நான்காவது விசைப்பலகையை எடுத்தோம். ஐ3 மேசைக் கணினி, 16 ஜிபி நினைவகம், உயரம் மாற்றக்கூடிய 24 அங்குலத் திரை, யூபிஎஸ் ஆகியவை வற் வரியோடு சேர்த்து என் கணக்கைச் சற்றுத் தாண்டின, அந்த வித்தியாசத்தை அண்ணா தருகிறார். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை.

நேற்று முதல் பத்துக் கட்டுரைகளை மாற்றிப் பார்த்தோம். தமிழ் பெரும்பாலும் சரியாக வந்தது, ஆனால் இடையிடையே அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த நூற்பெயர்களும் ஆட்பெயர்களும்கூடத் தமிழ் எழுத்துகளாக மாறி, வாயில் நுழையாத சொற்களாகி நிற்கின்றன. பெரியப்பா சிவப்புப் பேனையையும் அச்சிட்ட தாள்களையும் எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றாமல், ஆங்கிலப் பகுதிகளை விட்டுவிட்டு மாற்ற வழி இருந்தால் தட்டச்சுமேசை அக்கா சொல்ல முடியுமா?

தட்டச்சுமேசை:

வேர்டில் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கொண்டு தேடுங்கள். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் தெரிவாகும், அவற்றைப் பிரதி எடுத்து மாற்றுங்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு அவர் வேறு எழுத்துருவைப் பாவித்திருப்பார், இல்லாவிட்டால் அவருடைய கணினியிலேயே அவை ஆங்கிலமாகத் தெரிந்திருக்காது.