கெர்டா வைஸ்மன் க்ளைன்: உங்களுக்கு எப்படி அறிமுகமானார்?

எனக்கு யூடியூபில்தான். 1996 ஆஸ்கர் விழா. நாஜி முகாம்களிலிருந்து மீண்ட தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஒன் சர்வைவர் ரிமெம்பர்ஸ்’ ஆவணக் குறும்படத்துக்கு விருது கிடைத்ததால் கெர்டாவும் மேடையேறியிருந்தார். இயக்குநர் பேசி முடித்ததும் இசையைத் தொடங்கிவிட்டார்கள். ‘நேரமாச்சு, இறங்குங்க’ என்று அர்த்தம். அந்த அம்மா நகரவே இல்லை. மைக் முன் நின்று பேசினார். ஆறு வருஷம் தான் இருந்த இடத்தில் ஜெயிப்பது என்றால் ஒரு ரொட்டித் துண்டும் இன்னொரு நாள் உயிரும்தான் என்றார். வீட்டில் போரடித்துக் கழியும் ஒரு சாயங்காலத்தின் அருமையை அறியாமலே போனவர்கள் சார்பில் நன்றி சொன்னார். பிறகு தன் புத்தகம் ஒன்றுக்கு அந்தப் ‘போரடிக்கும் சாயங்கால’த்தையே தலைப்பாகவும் வைத்தார்.

போலந்தின் பியெல்ஸ்கோ நகரில் 1924 மே 8 அன்று பிறந்த யூதப் பெண். அப்பா, அம்மா, அண்ணன் மூவரையும் நாஜிகள் காலத்தில் இழந்தவர். 2022 ஏப்ரலில் ஃபீனிக்ஸ் நகரில் 97 வயதில் இறந்தார். மூன்று பிள்ளைகள், எட்டுப் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என்று பெரிய குடும்பம். அவரை வாசித்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்களேன்.

*ஈரோட்டிலிருந்து*

நான் 1957-ல் வந்த அவருடைய முதல் புத்தகம், ‘ஆல் பட் மை லைஃப்’ வழியாக வந்தவன். எங்கள் வீட்டில் தறி ஓடிய காலம் உண்டு, அதனால் போல்கன்ஹைன் என்ற கட்டாய உழைப்பு முகாம் பற்றிய பகுதியைச் சட்டென்று தாண்ட முடியவில்லை. அங்கே இந்தப் பெண்களுக்கு நெசவாலையில் வேலை. நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். பசியோடு அதைச் செய்வது என்னவென்று தறிக்காரனுக்குத் தெரியும்.

ஒருநாள் கெர்டா காய்ச்சலில் படுத்திருக்கிறாள். நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி சோதனைக்கு வருகிறான். எழ முடியாதவர்களின் கதி எல்லோருக்கும் தெரியும். ஃப்ராவ் க்யூக்லர் என்று ஒரு ஜெர்மன் காவல்காரி, பார்த்தாலே பயம் வரும் முகம். அவள் கெர்டாவைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தறி முன் நிறுத்தி, தறியையும் ஓடவிட்டுவிடுகிறாள். அதிகாரி வந்து பார்க்கும்போது இவள் வேலையில் இருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள். தன்னைக் காவல் காத்தவளிடம் இருந்த இந்த நல்லதை கெர்டா மறைக்காமல் எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் எழுதியிருப்பேனா, சந்தேகம்தான்.

*டொராண்டோவிலிருந்து*

எல்லாரும் இதைக் காதல் கதையாச் சொல்லுறது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். விடுதலை செய்ய வந்த அமெரிக்க லெஃப்டினன்ட் கர்ட் க்ளைனையே கலியாணம் முடிச்சவா, சரி. ஆனா புத்தகத்தின்ர உயிர் இல்சேதான். சின்ன வயசுச் சிநேகிதி. முகாமில ஒருநாள் எங்கேயோ ஒரு ராஸ்பெர்ரிப் பழம் கண்டெடுக்கிறா. ஒண்டே ஒண்டு. நாள் முழுக்கப் பத்திரப்படுத்தி வச்சு, இரவு ஒரு இலையில வச்சுக் கெர்டாவிட்டைக் குடுக்கிறா. உலகத்தில தனக்கெண்டு இருந்த ஒரே பொருளைத் தோழிக்குக் குடுக்கிற பிள்ளை. 1945 தொடக்கத்தில முகாம் பெண்களை நாஜிகள் பனியில நடத்திக்கொண்டு போன சாவு நடையில, விடுதலைக்குக் கொஞ்ச நாள் இருக்கேக்க, இல்சே செத்துப்போறா. இன்னும் ஒரு கிழமை தாக்குப்பிடி எண்டு கெர்டாவிட்டைச் சத்தியம் வாங்கிக்கொண்டு.

*சாண்ட்லர், அரிசோனாவிலிருந்து*

டொராண்டோ அண்ணா சொன்னதோடு அந்தச் சப்பாத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1942 ஜூன், கெர்டாவை முகாமுக்குக் கொண்டுபோன நேரம், கோடைக்காலம். பனிச்சறுக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். இந்த வெயிலிலா என்று அவளுக்குத் தோன்றியது. பனியில் 350 மைல் நடந்தபோது காலைக் காத்தது அதுதான். குடும்பப் படங்களையும் அதற்குள்தான் ஒளித்து வைத்திருந்தாள். கூட நடந்த சுமார் 2000 பெண்களில் மிஞ்சியது 120 பேர் அளவில்.

எனக்கு அவர் அறிமுகமானது வேறு வழியில். என் மகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. இங்கே ஒரு நூலகர் ‘தி ப்ளூ ரோஸ்’ என்ற மெல்லிய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 1974-ல் வந்தது, புகைப்படங்களோடு ஜென்னி என்கிற சிறுமியைப் பற்றியது. பரிதாபப்படும் தொனியே இல்லை. ஜென்னி ஒரு நீல ரோஜா, எங்கும் பார்க்காத பூ, அதற்கென்று தனிக் கவனம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்தவர்களே அதிகம், அமெரிக்காவிலும்தான். வீட்டுக்கு வந்து என் மாமியாருக்கு அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எழுதியவர் முகாமிலிருந்து மீண்டவர் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரியும்.

*தொடக்கப் பதிவர்*

அக்கா, அந்தப் புத்தகம் நான் கேள்விப்பட்டதே இல்லை, தேடுகிறேன்.

காதல் கதை பற்றி ஒன்று. செக் நாட்டு வோலாரியில் 1945 மே 7, விடுதலை நாள், கெர்டாவுக்கு 21 வயது நிரம்ப ஒருநாள் இருக்கிறது. எடை 68 பவுண்டு, தலை நரைத்திருக்கிறது. நாங்கள் யூதர்கள் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள், நானும்தான் என்கிறார் கர்ட். (அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் கொல்லப்பட்டவர்கள்.) மற்றவர்களைக் காட்டச் சொல்லி, கதவைத் திறந்து பிடித்து, அவளை முன்னே போகவிடுகிறார். மனுஷியாக நடத்தப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதைக் காதல் என்று சொன்னாலும் தப்பில்லை என்பேன்.

இருவரும் 1946-ல் பாரிஸில் திருமணம் செய்துகொண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரில் குடியேறினார்கள். திருமணத்துக்கு முன் பிரிந்திருந்த மாதங்களில் எழுதிக்கொண்ட கடிதங்கள் ‘தி அவர்ஸ் ஆஃப்டர்’ என்று 2000-ல் வந்தன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் 1957 புத்தகத்தைப் படியுங்கள். கடிதங்களை முதலில் எடுத்தால் இல்சே யார் என்றே தெரியாமல் போய்விடும்.