அப்பாவின் உருவப்படம்: ஓவியரிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

வணக்கம். அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு அவரைக் கையால் வரைந்த படம் ஒன்றை மாட்ட ஆசை. கைவசம் இருப்பது பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்தான். இடக் கண்ணின்மேல் ரப்பர் ஸ்டாம்பின் மை வேறு.

18க்கு 24 அங்குலத்தில் எண்ணெய் வண்ணத்தில் வரைய, ஓவியர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். அது நியாயம்தான். ஆனால் பென்சில் கோட்டுருவத்தை முதலில் காட்டுவாரா, சாயல் பிசகினால் எத்தனை முறை திருத்துவார் என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

எண்ணெய் வண்ணம் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகுமாம். நாளோ பத்து வாரத்தில் வருகிறது. சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறிவிடலாமா? சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று: அப்பாவின் மீசை வலப்பக்கம் சற்று இறங்கியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் அதைச் 'சரிசெய்து' கெடுத்துவிட்டார்கள். அதை அப்படியே வரையச் சொல்ல வேண்டும்.