1:87 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ரெசின் வார்ப்பில் நுண்குமிழிகள்: உதவி தேவை

தாம்பரம் லைன்:

வணக்கம். 1960களின் மதராஸ் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் பாதையை ஹெச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் அமைத்து வருகிறேன். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்க, சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்க வேண்டும். அம்பாசடர் பொம்மைகள் ஓரளவு கிடைக்கின்றன. 1961 முதல் மதராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இந்த அளவில் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அந்த ஊர்க் கார் இல்லாமல் அந்தச் சாலையை அமைக்க மனம் வரவில்லை. ஆகவே நானே வார்க்கத் தொடங்கினேன்.

மூலமாதிரி பிளாஸ்டிக் தகட்டில் செதுக்கியது, நீளம் 44.7, அகலம் 17.5 மில்லிமீட்டர். அச்சு, தகர வினையூக்கியால் ரப்பர் போல இறுகும் வகை சிலிகோன். ஊற்றுவது, இரண்டு திரவ பாகங்களைச் சமமாகக் கலந்தால் பிளாஸ்டிக்காக இறுகும் பாலியூரித்தேன் ரெசின். மூன்று நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். காரைத் தலைகீழாக, கூரை அடியில் இருக்கும்படி வைத்து ஊற்றுகிறேன்.

குறைகள் இவை. கூரையும் பானெட்டும் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. உப்புத்தாள் போட்டதும் உள்ளே ரவை போல நுண்குமிழிகள் தெரிகின்றன. முகப்பு விளக்குகளின் மேல் புருவம் போல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு பெரும்பாலும் நுனி மழுங்கியே வருகிறது. புதிய அச்சில் எடுத்த முதல் வார்ப்புகளின் மேற்பரப்பு பிசுபிசுத்தது. காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்பு வாங்கினால் எல்லாம் தீருமா? அது விலை அதிகம் என்பதால் முதலில் இங்கே கேட்கிறேன்.

வார்ப்புப் பட்டறை:

பம்பு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்வது ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் அல்ல, மூன்று தனித்தனி நோய்கள்.

ரவை போன்ற நுண்குமிழி, அச்சில் சிக்கிய காற்று அல்ல என்றே நினைக்கிறேன். சிக்கிய காற்று ஒரு மூலையில், ஒரு விளிம்பில் நிற்கும்; வார்ப்பு முழுவதும் சீராகப் பரவாது. பாலியூரித்தேனின் இரண்டு பாகங்களில் ஒன்றான ஐசோசயனேட், தண்ணீரைக் கண்டால் அதனுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். சோடாவில் எழுவதும் அதே வாயுதான். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. காய்ந்த பிளாஸ்டிக் கோப்பையில் ரெசினை மட்டும் கலந்து, அச்சில் ஊற்றாமல் அப்படியே இறுக விடுங்கள். கோப்பையிலேயே பொங்கி மேடுகட்டினால் ஈரம்தான் காரணம். அச்சின் மேல் பழி போட வேண்டாம். ஐசோசயனேட் டப்பாவின் மூடியையும் பாருங்கள். மரையில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

இரண்டு கேள்விகள். எதில் கலக்குகிறீர்கள்? ரெசினில் நிறமோ பவுடரோ சேர்க்கிறீர்களா?

தாம்பரம் லைன்:

காகிதக் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி. வெளிர்நீலம் வருவதற்காக அக்ரிலிக் பெயின்ட் ஒரு துளி. சோதனையை இன்று இரவே செய்து சொல்கிறேன்.

வார்ப்புப் பட்டறை:

மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது! அக்ரிலிக் பெயின்ட் தண்ணீரில் கரைத்ததுதான். அந்த ஒரு துளியே ஒரு காரைப் பொங்க வைக்கும். வார்ப்பை வெள்ளையாகவே எடுத்து, வண்ணத்தை மேலே அடியுங்கள். காகிதமும் மரமும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை. பிளாஸ்டிக் கோப்பைக்கும் உலோகக் கரண்டிக்கும் மாறுங்கள்.

கிரேன் டிரைவர்:

பிசுபிசுப்புக்கு நான் பதில் சொல்கிறேன். தகர வகை சிலிகோன் இறுகும்போது ஆல்கஹால் வெளிவரும். புது அச்சில் அது மிச்சம் இருந்தால், ரெசினின் இரண்டாம் பாகத்துக்குப் பதிலாக ஐசோசயனேட் அதோடு சேர்ந்துகொள்ளும். மேல்தோல் சரியாக இறுகாது. அச்சை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, 65 டிகிரியில் 4 மணி நேரம் சூடுபடுத்துங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பு வேண்டாம், தனி அடுப்பில் செய்யுங்கள். இந்தச் சூட்டில் அச்சில் தங்கிய ஈரமும் போய்விடும்.

பிளாட்டினம் வகை சிலிகோனுக்கு மாறலாம் என்று தோன்றும். சுருக்கம் மிகக் குறைவு, உண்மை. ஆனால் அது நோஞ்சான் குழந்தை: கந்தகம் கலந்த களிமண், ரப்பர் கையுறை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முழுதாக இறுகாத ரெசின், எது பட்டாலும் அந்த இடம் இறுகாமல் கூழாகவே நிற்கும். 45 மில்லிமீட்டர் காரில் தகர வகை ஒரு சதவீதம் சுருங்கினாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. லெவல் கிராசிங்கில் நிற்கும் காருக்கு அது பொருட்டே அல்ல.

ஊட்டி ரேக்:

அந்தப் புருவ விளிம்புக்கு என் யோசனை. காரைத் தலைகீழாக வைக்கும்போது அந்த விளிம்பு அச்சின் பக்கவாட்டில் ஒரு சிறு பொந்தாகிவிடுகிறது. அதன் மேலே சிலிகோன் கூரை. ரெசின் வாயிலில் நிறைந்ததும் உள்ளிருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை.

அச்சில் முதலில் டால்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறிவிடுங்கள். மெல்லிய படலம் மட்டும் நிற்க வேண்டும். ரெசின் மூலைக்குள் தானாக இழுத்துக்கொண்டு ஓடும். பவுடரும் காய்ந்ததாக இருக்கட்டும். பிறகு பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு ரெசினை எடுத்து இரண்டு பொந்துகளுக்குள்ளும் தடவுங்கள். அச்சின் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, பின்பக்கத்திலிருந்து நூல் போல ஊற்றுங்கள். காற்று பின்னோக்கி ஏறிவிடும். பாதி நிறைந்ததும் சமமாக்கி, பக்கங்களை விரலால் லேசாகப் பிசைந்தால் பம்பர் ஓரத்தில் ஒட்டியதும் கிளம்பிவிடும். குச்சியும் மரம்தானே என்று பட்டறைக்காரர் கேட்கலாம். தடவும் சொட்டுக்கு அந்த ஈரம் பெரிதல்ல. பயமிருந்தால் குண்டூசி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல்களுக்கு இடையே கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜன்னல் திறப்பில் தாள் கனத்துக்கு மெல்லிய படலம் விட்டே வார்ப்பெடுங்கள். ரெசின் தூணுக்குள் ஓட அதுவே வாய்க்கால். இறுகியபின் கத்தி நுனியால் வெட்டி எடுத்துவிடலாம்.

பழைய ஸ்டேஷன்:

பம்பு பற்றி ஒரு வார்த்தை. மூன்று நிமிடத்தில் இறுகும் ரெசினுக்கு வெற்றிடம் ஏற்றதல்ல. காற்று வெளியேறுவதற்குள் கெட்டியாகிவிடும். சிலிகோனைக் கலந்ததும் காற்றெடுக்க மட்டும் அது நல்லது. அப்போதும் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் நான்கு மடங்கு இடம் விடுங்கள். வார்ப்புக்கு அழுத்தப் பாத்திரமே சரி: காற்றை உள்ளே செலுத்தி 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அதே அழுத்தத்தில் அச்சையும் செய்திருக்க வேண்டும். இல்லையேல் சிலிகோனுக்குள் இருக்கும் குமிழிகள் அமுங்கி, கார் முழுக்கக் கொப்புளம் போலப் புடைப்புகள் வரும்.

சமையல் பிரஷர் குக்கரில் இதை யாரும் முயலக் கூடாது. அது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐக்கு வடிவமைத்தது. பெயின்டர்கள் பயன்படுத்தும், அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் உள்ள பாத்திரத்தையே வாங்குங்கள், அதன் மேல் குறித்திருக்கும் வரம்பைத் தாண்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி அணியுங்கள். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது.

தாம்பரம் லைன்:

அனைவருக்கும் நன்றி. நிறம் சேர்க்காமல் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றியது மட்டமாக, குமிழி இல்லாமல் இறுகியிருக்கிறது. காகிதக் கோப்பையில் அக்ரிலிக் துளியோடு ஊற்றியது ஆப்பம் போல நடுவில் எழும்பி நிற்கிறது. டப்பா மூடியில் பொருக்கு இல்லை. ஆகவே ரெசினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அச்சைச் சூடுபடுத்தி, முன்பக்கம் தாழ்த்தி ஊற்றியதில் இரண்டு புருவங்களும் நுனிவரை வந்துவிட்டன. பின்பக்க பம்பரின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு குமிழி மிச்சம். அதற்கும் குண்டூசிதானா?

ஊட்டி ரேக்:

ஆமாம், அங்கேயும் முதலில் தடவுங்கள். தொடர்ந்து அதே இடத்தில் வந்தால், அந்த ஓரத்திலிருந்து மேலே அரை மில்லிமீட்டர் துளையைச் சிலிகோனில் போட்டுக் காற்றுக்கு வழிவிடுங்கள். வார்ப்பில் ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டு வரும். நறுக்கிவிட்டு ராவினால் போதும்.