உறைநர்: ஸ்லாவிய நாட்டார் மரபின் வீட்டு, காட்டு, நீர்நிலைவாசிகளுக்கு ஒரு பொதுச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ரஷ்யர், உக்ரைனியர் உள்ளிட்ட ஸ்லாவிய மக்களின் நாட்டார் நம்பிக்கையில் வீட்டிலும் காட்டிலும் நீரிலும் வாழும் தொமவோய், லேஷி, வொத்யனோய் முதலியோரைச் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல் ஒன்று தமிழில் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் ஆவி, பேய், பூதம், சிறுதெய்வம், தேவதை ஆகியவை இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'உறைநர்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். வீட்டில் உறைபவர் இல்லுறைநர், காட்டில் உறைபவர் கானுறைநர், நீர்நிலையில் உறைபவர் நீருறைநர் என்று அதிலிருந்து கிளைச்சொற்கள் இயல்பாகவே பிறக்கும். மூல மரபில் இவர்களுடைய பெயர்கள் எவ்வாறு அமைந்துள்ளனவோ அதே முறையில் தமிழிலும் அமைய வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

ரஷ்ய மொழியில் 'தோம்' என்றால் வீடு, அதிலிருந்து தொமவோய். 'லேஸ்' என்றால் காடு, அதிலிருந்து லேஷி. 'வதா' என்றால் நீர், அதிலிருந்து வொத்யனோய். முற்றத்துக்கு த்வரவோய், நீராவிக் குளியல் வீட்டுக்கு பான்னிக், கதிர்க்கட்டுகளைத் தீமூட்டி உலர்த்தும் கொட்டகைக்கு ஒவின்னிக், வயலுக்குப் பொலெவிக் என்று ஒவ்வொரு பெயரும் இடத்திலிருந்தே பிறக்கிறது. ரஷ்ய உழவர்களிடையே பரவலாக வழங்கிய ஒரு கதையும் இதையே சொல்கிறது. கடவுளை எதிர்த்த வானவர்கள் விண்ணிலிருந்து தள்ளப்பட்டபோது, வீட்டின்மேல் விழுந்தவர் தொமவோய் ஆனார், காட்டில் விழுந்தவர் லேஷி ஆனார், நீரில் விழுந்தவர் வொத்யனோய் ஆனார் என்பது அக்கதை. விழுவதற்கு முன் அவர்கள் அனைவரும் ஓரினம். அவர்களை வேறுபடுத்தியது விழுந்த இடம் மட்டுமே. கிறித்தவக் கதைச்சட்டகத்துக்குள் சொல்லப்பட்டாலும், இடமே இவர்களுடைய இயல்பையும் குணத்தையும் முடிவு செய்கிறது என்ற நாட்டார் புரிதல் அதில் தெளிவாக நிற்கிறது. ஆகவே பொதுச்சொல்லும் இடத்தையே சுட்ட வேண்டும். உயிரோடு இருப்பவரா, இறந்தவரா, நல்லவரா, கெட்டவரா என்பவற்றைச் சுட்டும் சொல் முதலடியிலேயே தவறான முடிவைப் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடும்.

இந்த அளவுகோலைக் கொண்டு முந்தைய பரிந்துரைகளைப் பார்க்கலாம். 'ஆவி' என்றதும் தமிழ் வாசகர் இறந்தவருடைய ஆவியையே நினைப்பார். தொமவோய் அக்குடும்பத்தின் மூதாதையரோடு பல இடங்களில் இணைத்துப் பேசப்படுகிறார் என்பது உண்மை. ஆனால் லேஷி யாருடைய ஆவியும் அல்லர். 'பேய்' விரட்டப்பட வேண்டியது. தொமவோயை யாரும் விரட்டுவதில்லை. அவர் வீட்டைவிட்டு அகன்றால்தான் கேடு வரும் என்று அஞ்சினார்கள். புதுவீட்டுக்குக் குடிபோகும்போது பழைய அடுப்பின் தணலைப் பானையில் அள்ளி எடுத்து, 'தாத்தா, எங்களோடு வாருங்கள்' என்று அழைத்துச் சென்று புதிய அடுப்பில் இடுவது வழக்கம்; சில ஊர்களில் தணலுக்குப் பதிலாக, மரப்பட்டை நாரில் பின்னிய பழைய செருப்பில் அவரை ஏற்றி இழுத்துச் செல்வார்கள். பேய் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வழக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், வாக்கியமே தடுமாறும். 'தேவதை' என்ற சொல்லோ, சிறார் நூல்களின் வழியாக, சிறகு முளைத்த இளம்பெண்ணின் உருவத்தோடு ஒட்டிவிட்டது.

'பூதம்' என்ற பரிந்துரையை அவ்வளவு எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம் புகார் நகரத்தின் நாற்சந்தியில் நிலையாக இருந்து, தவறு செய்தோரைத் தண்டித்தது. இடத்தோடு பிணைந்திருத்தல், அந்த இடத்தின் ஒழுங்கைக் காத்தல் ஆகிய இரண்டுமே அதில் உண்டு. இன்று அச்சொல் புதையல் காக்கும் பேருருவத்தையும் ஐம்பூதங்களையுமே முதலில் நினைவூட்டுகிறது. அடுப்பின் பின்னால் படுத்துறங்கும் நரைத்தாடிக் கிழவரை 'வீட்டுப் பூதம்' என்று எழுதினால், அளவிலும் தொனியிலும் உருவம் மாறிவிடுகிறது. இந்தக் காரணத்தால் மட்டுமே அதைத் தவிர்க்கிறேன்.

'சிறுதெய்வம்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் இதில் சொல்லைக் கடந்த ஒரு வரலாற்றுச் சிக்கல் இருக்கிறது. ஸ்லாவிய மரபில் தெய்வங்கள் வேறு, இவர்கள் வேறு. 980இல் கீவ் நகரக் குன்றின்மேல் இளவரசர் விளாதிமிர் நிறுவிய சிலைகளைப் பழைய ரஷ்ய வரலாற்றேடு பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: வெள்ளித்தலையும் பொன்மீசையும் கொண்ட மரச்சிலையாக இடித்தெய்வம் பெரூன், அவரோடு ஹோர்ஸ், தாஜ்போக், ஸ்த்ரிபோக், சிமார்கல், மோகஷ். 988இல் அதே விளாதிமிர் கிறித்தவத்தைத் தழுவியபோது, பெரூனின் சிலை குதிரையின் வாலில் கட்டி இழுக்கப்பட்டு, பன்னிரண்டு ஆட்களால் கோல்கொண்டு அடிக்கப்பட்டு, தினீப்பர் ஆற்றில் தள்ளப்பட்டது. பால்டிக் கரையில், ரூகன் தீவின் அர்கோனாவில் இருந்த ஸ்வந்தெவித் என்ற தெய்வத்தின் கோயில் 1168இல் டென்மார்க்கு அரசர் முதலாம் வால்தெமாரின் படையிடம் வீழ்ந்தது. நான்கு தலை கொண்ட அச்சிலையும் உடைக்கப்பட்டது. இத்தெய்வங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவர்களை எதிர்த்த கிறித்தவத் துறவிகளும் வரலாற்றாசிரியர்களும் எழுதிவைத்தது. அதுவும் மிகக் குறைவு.

வீட்டிலும் காட்டிலும் உறைந்தவர்களுக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை, பூசகர் இல்லை. ஆற்றுக்கு இழுத்துச் செல்ல ஒன்றும் இல்லாததாலேயே அவர்கள் தப்பினார்கள் என்று நான் கருதுகிறேன். ஞானமுழுக்குக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாட்டாரியல் சேகரிப்பாளர்கள் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பெலரூசிலும் ஊர் ஊராகச் சென்றபோது, பெரூனைப் பற்றி உழவர்கள் சொன்னது மிகச் சில. இடியை, விவிலியத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் தேரோட்டமாகவே அவர்கள் விளக்கினார்கள். ஆனால் தொமவோயைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருந்தார். எனவே பெரூனையும் மோகஷையும் 'தெய்வம்' என்றும், இவர்களை 'உறைநர்' என்றும் பிரித்து எழுதுவது சான்றுகளின் தன்மையையும் பிரித்துக் காட்டும். 'சிறுதெய்வம்' என்று எழுதினால், இவர்கள் பெரூனின் அவையில் கீழ்வரிசையில் இருந்தவர்கள் என்ற, எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு படிநிலையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

திருச்சபையின் பார்வையில் இவர்கள் அனைவரும் 'தூய்மையற்ற ஆற்றல்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கினார்கள். ரஷ்ய இனவரைவியலாளர் செர்கேய் மக்சீமொவின் 1903ஆம் ஆண்டு நூலின் தலைப்பே தூய்மையற்ற ஆற்றல், அறியப்படாத ஆற்றல், சிலுவையின் ஆற்றல் என்று மூன்றாகப் பகுக்கிறது. தூய்மையற்ற ஆற்றலைக் குறிக்கும் அந்த 'நெச்சீஸ்தயா சீலா' என்ற தொடரைத் தமிழில் தனியாகவே பெயர்க்க வேண்டும். அது சபையின் தீர்ப்பு, மக்கள் அன்றாடம் விளித்த பெயர் அன்று. மக்கள் தொமவோயைத் தாத்தா என்றும், வீட்டு எசமானர் என்றும், அண்டை வீட்டார் என்றும், சில இடங்களில் வெறுமனே 'அவர்' என்றும் குறிப்பிட்டார்கள். பெயரைச் சொன்னால் வந்துவிடுவார் என்ற அச்சமும், மூத்தவருக்குரிய மதிப்பும் இதில் கலந்துள்ளன. 'அன்' விகுதியையோ 'அது' விகுதியையோ விட்டுவிட்டு 'நர்' விகுதியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என்று இன்று அன்றாட வழக்கில் மதிப்பும் பால்பொதுமையும் ஒருங்கே பெற்ற விகுதி இது. வீட்டில் உறைந்து இரவில் நூல் நூற்கும் கிகிமோரா பெண். அவரையும் இச்சொல் தாங்கும்.

சொல்லின் முதற்பகுதியும் புதியதன்று. 'இல்லுறை கடவுள்' என்ற தொடர் அகநானூற்றில் வருகிறது. 'நீருறை கோழி' ஐங்குறுநூற்றில் உண்டு. 'உறை' என்பது உறைபனியையும் உறைவிப்பானையும் நினைவூட்டும் என்று தனிமடலில் ஒரு நண்பர் எழுப்பிய தடை நியாயமானது. ரஷ்யக் கதைகளில் உறைபனியே ஓர் ஆளாக வருவதால் குழப்பத்துக்கு இடம் கூடுதலாகவே உண்டு. எனினும் உறைவிடம், உறைவிடப் பள்ளி போன்ற சொற்களில் நாம் பொருளை மயங்குவதில்லை. முன்னொட்டாக இல், கான், நீர் என ஓர் இடப்பெயர் வரும்போது மயக்கம் முற்றிலும் நீங்கிவிடுகிறது. உறைபனி ஆளுக்கு மரோஸ்கோ என்ற பெயரே போதும்.

இனி புதினங்களுக்கு வருகிறேன். நம்மில் பலர் இச்சொல்லைத் தேடத் தொடங்கியதே கனவுருப் (fantasy) புதினங்களை மொழிபெயர்க்கும்போதுதான். இடத்தால் பெயரிடும் இந்த மரபை மிக உண்மையாக உள்வாங்கிய படைப்பாக உக்ரைனியக் கவிஞர் லேஸ்யா உக்ராயின்கா 1911இல் எழுதிய 'காட்டுப் பாடல்' நாடகத்தைக் கருதுகிறேன். வொலின் வட்டாரத்துக் காட்டில் நிகழும் அதில், 'அணைகளை உடைப்பவன்', 'பாறைக்குள் அமர்ந்திருப்பவன்' என்ற பெயர்களிலேயே பாத்திரங்கள் உலவுகின்றன. அவர்கள் யாரும் மனிதரின் பகைவராகவோ காவலராகவோ வரையப்படவில்லை; தத்தம் இடத்தின் இயல்பையே பேசுகிறார்கள். பாறைக்குள் இருப்பவன் மறதியையும் மரணத்தையும் கொண்டுவருகிறான், ஏனெனில் பாறைக்குள் வேறொன்றும் இல்லை.

அண்மைக்காலப் புதினங்களும் அவற்றிலிருந்து பிறந்த விளையாட்டுகளும் இவர்களை வேட்டைக்குரிய விலங்குகளின் அட்டவணையாக மாற்றிவிடும் போக்கு எனக்குக் கவலை அளிக்கிறது. 2015இல் வந்த 'விட்சர்' கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் லேஷி, மான் மண்டையோட்டைத் தலையாகக் கொண்ட கொலைகாரப் பேருருவமாக வருகிறது. இணையத்தில் 'லேஷி' என்று தேடினால் அந்தப் படங்களே குவிகின்றன. நாட்டார் வழக்கின் லேஷியோ பார்வைக்கு ஓர் உழவரைப் போன்றவர். இடது காலணி வலக்காலிலும் வலது காலணி இடக்காலிலும் இருக்கும். மேலங்கியின் மடிப்பு வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். மரங்களிடையே மரத்தின் உயரமும், புல்வெளியில் புல்லின் உயரமும் கொள்வார். அவர் வழிதவறச் செய்தால், தன் உடையைப் புறம் மாற்றி அணிந்து, காலணிகளையும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டால் வழி புலப்படும் என்பது நம்பிக்கை. அவருடைய தலைகீழ் ஒழுங்குக்குள் நாமும் ஒரு கணம் புகுந்து வெளியேறுகிறோம். வட ரஷ்ய இடையர்கள் மேய்ச்சல் பருவத்தில் மந்தையைக் காக்க அவரோடு உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். இவ்வளவு நுட்பமான உறவை 'அரக்கன்' என்ற ஒற்றைச் சொல்லால் மொழிபெயர்ப்பவர், மூலநூல் செய்யாத பிழையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

கேதரின் ஆர்டனின் 2017ஆம் ஆண்டுப் புதினமான 'கரடியும் இராப்பாடியும்' இதற்கு மாறாக, இல்லுறைநரை மிகுந்த பரிவோடு வரைகிறது. ஊருக்கு வரும் பாதிரியாரின் அச்சுறுத்தலால் மக்கள் படையல் இடுவதை நிறுத்த, வீட்டையும் குதிரைக் கொட்டிலையும் காத்தவர்கள் மெலிந்து மங்குகிறார்கள். கதையாக இது வலிமையானது. ஆயினும் பழைய நம்பிக்கையும் புதிய சமயமும் ஒன்றையொன்று அழிக்கும் இரு படைகள் என்ற படிமத்தை, நாட்டாரியல் பதிவுகள் அப்படியே ஏற்பதில்லை. ரஷ்ய உழவர் வீட்டில் திருவுருவப் படங்கள் இருக்கும் 'அழகு மூலை' ஒரு கோடியிலும், தொமவோய் உறையும் அடுப்பு அதற்கு மூலைவிட்டமாக மறுகோடியிலும் இருந்தன. அதே குடும்பம் இரண்டையும் வணங்கியது. குளியல் வீட்டில் மட்டும் திருவுருவம் வைப்பதில்லை, கழுத்துச் சிலுவையையும் கழற்றிவிட்டே நுழைவார்கள், கடைசி முறை நீராவியைப் பான்னிக்குக்கு விட்டுவிடுவார்கள். எந்த இடத்தில் யாருக்கு உரிமை என்பதே கேள்வியாக இருந்தது. 'இரட்டை நம்பிக்கை' என்று பொருள்படும் 'த்வோயெவேரியே' என்ற பழைய ஆய்வுச்சொல்லை 1990களிலிருந்து அறிஞர்கள் ஐயத்தோடு பார்ப்பதற்கும் இதுவே காரணம்: அவ்வுழவர் தம்மிடம் இரண்டு நம்பிக்கைகள் இருப்பதாக எண்ணவில்லை.

நீர்நிலைகளோடு இணைத்துப் பேசப்படும் பெண்ணுருவான ருசால்காவை இத்தொகுதியில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு 'நீரரமகளிர்' என்ற பரிந்துரை கேட்க இனிமையானது. ஆனால் அது கவிஞர்களும் இசைநாடகங்களும் பரப்பிய அழகியின் உருவத்துக்கே பொருந்தும். வட ரஷ்யாவில் அவர் விகாரமான கிழவியாகவும் வருகிறார். அவர் எப்போதும் நீரில் இருப்பவரும் அல்லர். திரித்துவத் திருநாளை ஒட்டிய ருசால்கா வாரத்தில் கோதுமை போன்ற ரை தானிய வயல்களிலும் பிர்ச் மரக் கிளைகளிலும் உலவுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இறந்தவர்: நீரில் மூழ்கியோ, ஞானமுழுக்குப் பெறாமலோ, மணமாகும் முன்போ மாண்டவர். நாட்டாரியல் ஆய்வாளர் திமித்ரி செலேனின் 1916இல் வெளியிட்ட ஆய்வில், ஆயுள் முடியும் முன் மாண்டதால் மண் ஏற்க மறுத்தவர்கள் என்ற தனி வகுப்பில் ருசால்காவை வைத்தார். அவ்வகுப்புக்கு 'அகாலத்தார்' என்ற சொல்லைப் பரிசீலிக்கலாம். தனிப்பெயராக 'ருசால்கா'வே நிற்கட்டும். இதே நெறியில், உறைநர் என்பது வகைப்பெயராக மட்டும் வழங்க, தொமவோய், லேஷி, கிகிமோரா ஆகிய தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே தக்கவைப்பது நல்லது. பான்னிக்குக்கும் ஒவின்னிக்குக்கும் நீண்ட கூட்டுச்சொற்களைப் புனைவதைவிட, 'குளியல் வீட்டு உறைநர்', 'உலர்களத்து உறைநர்' என்று விளக்கமாக எழுதலாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் இலக்கணம் பயின்ற நண்பர்களின் கருத்தை வேண்டுகிறேன். செர்பியாவிலும் பல்கேரியாவிலும் வீட்டைக் காப்பவர் பெரும்பாலும் ஒரு பாம்பு. அடுப்படியிலோ வாசற்படியின் கீழோ உறையும் அதைக் கொன்றால் குடும்பத்தில் ஒருவர் இறப்பார் என்று நம்பினார்கள். 'நர்' உயர்திணை விகுதி. ரஷ்ய இல்லுறைநரும் பூனை உருவில் தோன்றுவது உண்டு, அப்போதும் அவர் தாத்தாவே. ஆகவே பாம்புருவிலும் 'இல்லுறைநர்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. 'இல்லுறை பாம்பு' என்று பிரித்து எழுத வேண்டும் என்போர் தங்கள் காரணங்களைத் தெரிவித்தால், சொற்பட்டியலில் இரண்டையும் குறித்துவைப்போம்.

அன்புடன்.